பதினேழாம் டோக்கன்

இதைக் கேட்பவர் முதலில் நான்கு செய்திகளை அறிந்துகொள்ள வேண்டும். அவற்றை அறியாமல் கேட்டால், கொடிக்கால்புதூர் மக்கள் அறிவு கலங்கியவர்கள் என்று தோன்றும், அது உண்மையன்று.

முதற்செய்தி குற்றாலலிங்கத்தைப் பற்றியது. எங்கள் ஊரின் ஒரே வங்கிக் கிளைக்குப் பதினோராண்டுகள் மேலாளராக இருந்து, ஓய்வுபெற்ற பிறகும் சொந்த ஊரான தென்காசிக்குத் திரும்பாமல் வடக்குத் தெருவிலேயே தங்கிவிட்ட அவர், ஒரு மனிதருக்கு ஒரு பொழுதுபோக்குப் போதும் என்ற பொது வழக்கத்தை மதிக்காதவர். தபால்தலை சேர்த்தல், புல்லாங்குழல், அஞ்சலட்டைச் சதுரங்கம், கைக்குட்டை வித்தை, பறவை பார்த்தல், தொட்டியில் குள்ளமரம் வளர்த்தல், உடல்நலத்துக்காகப் பின்னோக்கி நடத்தல் என்று தொடங்கி, ஒன்றன்பின் ஒன்றாகப் பதினாறு பொழுதுபோக்குகளைக் கைக்கொண்டு, ஒன்றைக்கூடக் கைவிடாமல், ஒவ்வொன்றுக்கும் கிழமையும் நேரமும் வகுத்து, அந்த நேரத்தில் ஒரு நிமிடம்கூட மற்றொன்றுக்குக் கடன் கொடுக்காமல் அவர் வாழ்ந்தார்.

இரண்டாவது செய்தி, அந்தப் பதினாறும் வந்த வரிசை அவருடைய மனைவி ஆவுடைநாயகிக்கு மட்டுமே தெரியும் என்பது. ஒவ்வொன்று வந்தபோதும் இடம் ஒதுக்கியவர் அவர்தாம். தபால்தலைகளுக்காக அலமாரியின் மேல்தட்டையும், குள்ளமரங்களுக்காகத் துணி உலர்த்தும் மொட்டைமாடியையும், பழுது பார்க்கப்படும் கடிகாரங்களுக்காகப் பூசையறையின் பாதியையும் விட்டுக்கொடுத்தபின், அவருடைய சேலைகள் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப்பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தன. ஓய்வுபெற்ற நாள்முதல் ஏழாண்டுகளாக, மாலை ஐந்து மணியானால், "காலாற நடந்துட்டு வாரேன்" என்று சொல்லிக் கணவர் வெளியே போவார். ஆறு மணிக்குத் திரும்புவார். அந்த ஒரு மணி நேரம் மட்டுமே வீடு ஆவுடைநாயகிக்கென்று இருந்தது. சமையலறையில் காய் நறுக்கியபடி அவர் வானொலி கேட்பார். அந்த வீட்டில் தீராத குறை ஒன்றே ஒன்றுதான் இருந்தது: குற்றாலலிங்கத்தின் தோள்துண்டுகளில் ஒரு மூலையை மட்டும் எலி கடித்துவைத்தது. மூன்று பொறிகள் வைத்தும் ஓர் எலியும் அகப்படவில்லை.

மூன்றாவது, எங்கள் ஊரில் வாய்க்கரிசி போடும் முறை. பிணம் வீட்டை விட்டுப் புறப்படுமுன் வாசலிலேயே ஆண்களும் பெண்களும் போட்டுவிடுவோம். பங்காளிகள் முதலில், சம்பந்திகள் அடுத்து, மனைவி கடைசியில்.

நான்காவது, வங்கியின் தலைமைக் காசாளர் சங்குமணி, நான்கு பேர் சேர்ந்து நிற்கக் கண்டால் டோக்கன் கொடுக்காமல் இருக்க இயலாதவர் என்பது. அவரால் இருபத்திரண்டு ஆண்டுகள் பழக்கப்பட்ட எங்கள் ஊராரோ, கையில் டோக்கன் விழுந்துவிட்டால் எண் அழைக்கப்படும்வரை அவ்விடத்தை விட்டு அசையாதவர்கள். ஒருமுறை வங்கிக் கூரையிலிருந்த தேன்கூடு கலைந்து தேனீக்கள் கொட்டியபோது, டோக்கன் இல்லாதவர்கள் ஓடினார்கள். டோக்கன் வைத்திருந்தவர்கள் துண்டாலும் முந்தானையாலும் முகத்தை மூடிக்கொண்டு நின்றார்கள்.

இனி நடந்ததைச் சொல்லலாம்.

ஐப்பசி மாதத்து வெள்ளிக்கிழமையொன்றில், தம் பதினாறாவது பொழுதுபோக்கான மழைமானியில் முந்தைய நாள் மழையை அளந்து பார்க்கக் குனிந்த குற்றாலலிங்கம் நிமிரவில்லை. செய்தி பரவிக் கூட்டம் சேர்ந்து, தென்காசி உறவினர்கள் ரயில்வே கேட்டில் அகப்பட்டுத் தாமதமாகி, வாசலில் யார் முன்னே யார் பின்னே என்று ஒருவரும் அறியாமல் நெருக்கியபோது, சங்குமணியின் கை தானாகவே தோள்பைக்குள் போயிற்று. வங்கியில் எந்திரம் வந்தபின் ஒதுக்கப்பட்ட பித்தளை டோக்கன்கள் பதினேழை அவர் எப்போதும் உடன் வைத்திருந்தார். வந்த வரிசைப்படி கொடுத்தார். அடுத்த வீட்டுக்குச் சிலிண்டர் இறக்க வந்த இசக்கிமுத்துவுக்கும், மின்சார மீட்டர் குறிக்க வந்த ஜெசிந்தாவுக்கும், இரங்கல் சொல்லிவிட்டுக் கடைக்குத் திரும்பலாம் என்றிருந்த கறிக்கடை காஜா மைதீனுக்கும் டோக்கன் கிடைத்தது, கிடைத்ததால் நின்றார்கள், நின்றதால் எண் அழைக்கப்பட்டது, அழைக்கப்பட்டதால் அரிசி போட்டார்கள். பதினாறு முடிந்தபோது அமரர் ஊர்தி வந்துவிட்டது. சங்குமணி பதினேழாம் டோக்கனை வாசல் மேடையில் வைத்துவிட்டு ஓட்டுநரிடம் பேசப் போனார். திரும்பியபோது டோக்கனைக் காணவில்லை, தட்டில் ஒரு கை அரிசி குறைந்திருந்தது. ஆவுடைநாயகி கடைசியாக, டோக்கன் இல்லாமல், தம் அரிசியைப் போட்டார்.

குற்றாலலிங்கத்தின் அண்ணன், தென்காசியில் மரம் அறுக்கும் ஆலை வைத்திருந்த தனுஷ்கோடி, சுடுகாட்டில் நின்று, தாம் வந்து சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டதென்றும், உடன்பிறந்தவனுக்கு ஒரு பிடி அரிசி போட விடாத ஊர் உருப்படாதென்றும் அதட்டினார். அவர் குரல் ஆலையின் ரம்பத்தோடு போட்டியிட்டுப் பழகியது. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் காலை, தோளில் சிலிண்டரோடு கிழக்குத் தெருவில் போய்க்கொண்டிருந்த இசக்கிமுத்து, குளக்கரையில் நின்று, "சின்ன மீன்கொத்தி, ஆண்" என்று சொன்னார். இருபது நிமிடம் சிலிண்டரை இறக்காமல் அதையே பார்த்திருந்தார். அதே நேரத்தில் தெற்குத் தெருவில் ஒரு மீட்டரின் முன் நின்றிருந்த ஜெசிந்தா, இடுப்பில் செருகியிருந்த புல்லாங்குழலை எடுத்து ஊதினார். அதை எப்போது வாங்கினார் என்பது அவருக்கே நினைவில்லை. காஜா மைதீனின் கறி வெட்டும் கட்டையோரம் ஒரு சாண் உயரத்தில் ஓர் ஆலமரம், விழுதுகளோடு நின்றது. காவல் உதவி ஆய்வாளர் புகார் கொடுக்க வந்தவரின் காதிலிருந்து பச்சைக் கைக்குட்டை ஒன்றை உருவி, புகாரை எழுதிக்கொண்டார். பேரூராட்சித் தலைவி தங்கக்கனி பின்னோக்கி நடந்து அலுவலகத்துக்கு வந்து, பின்னோக்கியே படியேறி, தம் நாற்காலியில் பிழையின்றி அமர்ந்தார்.

ஊர் வியக்கவில்லை, வியப்பதற்கு முன் ஒழுங்குபடுத்த வேண்டியவை நிறைய இருந்தன. சிலிண்டர் வேண்டியவர்கள், பறவைகள் அடங்கும் உச்சிவெயிலில் இசக்கிமுத்துவை அழைக்கப் பழகினார்கள். தலைவியைத் தொடர்ந்து போகும் உறுப்பினர்கள், அவர் முகத்துக்கு எதிரே, முறைப்படி மூன்றடி தள்ளி நடந்தார்கள்; முப்பதாண்டுகளில் முதல்முறையாகத் தலைவரும் உறுப்பினர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஊருக்குள் போனார்கள். தபால்காரர் கடிதங்களைக் கொடுக்குமுன் தபால்தலையைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, "கிழிக்காமப் பிரிங்க, மறுபடி வாரேன்" என்று கேட்டுக்கொண்டார். ஒன்பதாம் எண் என்னுடையது. அது பட்டம் விடுதல். அதைப் பற்றி இங்கே விரித்துரைக்கத் தேவையில்லை.

சங்குமணி டோக்கன் எண்களுக்கு நேரே பெயர்களை எழுதி வைத்திருந்தார். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஆவுடைநாயகியிடம் போனார். அவர் கண்ணை மூடிக்கொண்டு, தாம் இடம் ஒதுக்கிய வரிசையில், ஒன்று தபால்தலை, இரண்டு புல்லாங்குழல், மூன்று சதுரங்கம் என்று சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றும் அந்தந்த எண்ணுக்குரியவரிடம் போய்ச் சேர்ந்திருந்தது தெளிவாயிற்று. பதினாறாவதாக மழைமானி என்றார். அது தேங்காய் வியாபாரி சிவனணைந்தானிடம் இருந்தது, அவர் அன்று காலையும் வந்து அளந்துவிட்டுத்தான் போயிருந்தார். அத்துடன் ஆவுடைநாயகி நிறுத்திக்கொண்டார்.

"பதினேழு, மேடம்?" என்றார் சங்குமணி.

"பதினாறுதான்."

"டோக்கன் பதினேழுல்லா போட்டிருக்கு."

ஆவுடைநாயகி கண்ணைத் திறந்தார். கணவர் மட்டும் அறிந்த பொழுதுபோக்கு ஒன்று, தாம் இடம் ஒதுக்காத ஒன்று, இருந்திருக்கிறது என்பதை அப்போதுதான் அறிந்தார். மாலை ஐந்து முதல் ஆறுவரை, பதினாறில் எதற்கும் ஒதுக்கப்படாத அந்த ஒரு மணி நேரம் எங்கே போயிற்று என்று அதற்குமுன் அவர் கேட்டுப் பார்த்ததில்லை.

அவர் கேட்காததை ஊர் கேட்டது. அவர் கடையில் நின்று தேங்காய் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கையில், சிவனணைந்தான் உள்ளே திரும்பிக்கொண்டு யாரிடமோ சொன்னார்: "அஞ்சு மணிக்குப் போயி ஆறு மணிக்கு வார ஆளுக்கு, பதினேழாவது ஒரு வீடாத்தான்வே இருக்கும்." உள்ளே இரண்டு பேர் சிரித்தார்கள். ஆவுடைநாயகி கையிலிருந்த தேங்காயைக் குவியலில் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப்பெட்டியை இழுத்துத் திறந்தார். முப்பத்து நான்கு ஆண்டுகள், ஒவ்வொரு தட்டாக, ஒவ்வொரு மூலையாகத் தாம் விட்டுக்கொடுத்தது, கணவர் வீட்டிலேயே இருப்பதற்காக. இருக்கவில்லை என்றால் சேலைகள் பெட்டிக்குள் கிடந்ததற்குப் பொருளே இல்லை. பதினேழாம் டோக்கன் யாரிடம் இருக்கிறதோ, அவரைக் கண்டு ஒரு கேள்வி கேட்காமல் இந்தப் பெட்டியை மூடுவதில்லை என்று முடிவுசெய்தார். பெட்டி கூடத்தின் நடுவில் திறந்தே கிடந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

சங்குமணி தேடினார். வாசலில் நின்றவர்களையெல்லாம் விசாரித்தார். புதிதாகச் சோழி உருட்டுகிறார்களா, புதிதாகக் கவிதை எழுதுகிறார்களா, ஐந்து மணிக்கு எங்கே போகிறார்கள் என்று ஊர் முழுவதும் கேட்டார். ஐந்து மணிக்கு வெளியே போகும் ஆண்கள் அனைவரும் அந்த வாரம் வீட்டில் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

தனுஷ்கோடி ஊரை விட்டுப் போகவில்லை. பதினாறாம் நாள் விசேஷம் முடிந்தபின்னும் பேருந்து நிலையத்துக்கு எதிரே விடுதியில் அறையெடுத்துத் தங்கி, தம்பியின் பொழுதுபோக்குகள் குடும்பச் சொத்து, சிலிண்டர்காரரிடமும் கறிக்கடையிலும் அவை இருப்பது முறையன்று, அத்தனையையும் திருப்பித் தந்தாக வேண்டும் என்று நாள்தோறும் ஒருவரிடம் சொல்லி வந்தார். உடன்பிறந்த பாசம் என்றார்கள் சிலர். பிடிவாதம் என்றார்கள் பலர்.

ஆவுடைநாயகியோ, பதினாறு நாள் துக்கத்துக்காக நிறுத்தி வைத்திருந்த வானொலியை மறுபடி போட்டார். போட்டதும் பழைய வழக்கம் தானே வந்துவிட்டது: அவர் வானொலியோடு வாதாடுவார். இதை அதுவரை யாரும் அறியார். வீட்டில் யாரும் இல்லாதபோது மட்டுமே செய்து வந்தது அது. வேளாண்மை அலுவலர் கத்தரிச் செடியில் பூச்சி வராமலிருக்க வழி சொன்னால், "ஒரு செடியாவது நட்டிருப்பியாடே நீ?" என்பார். மருத்துவர் நாள்தோறும் எட்டு மணி நேரம் உறங்கச் சொன்னால், யார் வீட்டில் என்று கேட்பார். பாட்டில் ஒருவன் காதலிக்காக நிலவைப் பறித்து வருவதாகச் சொன்னபோது, "கொண்டாந்து எங்க வைப்ப? எந்தத் தட்டு காலியா இருக்கு?" என்றார். இவற்றை அவர் சிரிக்காமல், கத்தியை நிறுத்தாமல், வெண்டைக்காயை ஒரே அளவாக நறுக்கியபடி சொல்வார்.

முப்பதாம் நாள் நினைவேந்தல் கூட்டம் திருமண மண்டபத்தில் நடந்தது. சங்குமணி இம்முறை டோக்கன் கொடுக்கவில்லை. கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு மேடையில் அமர்ந்திருந்தார். பேசியவர்கள் குற்றாலலிங்கத்தின் நேரந்தவறாமையை நினைவுகூர்ந்தார்கள். ஜெசிந்தா, அவர் பாதியில் விட்டுப்போன ஒரு கீர்த்தனையின் சரணத்தை ஊதினார். மூன்றாம் எண்காரரான முடிதிருத்துபவர், நாகர்கோவில் அஞ்சலட்டை எதிராளியிடம் ராணியை இழந்துவிட்டதாக வருத்தத்தோடு அறிவித்தார். பிறகு தனுஷ்கோடி எழுந்து, ரத்த சொந்தம் உயிரோடு இருக்கையில் இதென்ன கூத்து என்று தொடங்கி, பதினேழு பேரும் இந்த மேடையிலேயே திருப்பித் தந்துவிட வேண்டும் என்று முடித்தார்.

"பதினாறு பேருதான் இருக்கோம், அண்ணாச்சி," என்றார் காஜா மைதீன்.

தனுஷ்கோடி தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். முதல் வரிசையில் அமர்ந்திருந்த ஆவுடைநாயகி அந்தத் துண்டைப் பார்த்தார். வெள்ளைத் துண்டு, பச்சைக் கரை. அதன் ஒரு மூலை மட்டும் கடித்துக் குதறப்பட்டிருந்தது.

ஆவுடைநாயகி படத்துக்கு மாலை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார்.

மறுநாள் மாலை ஐந்து மணிக்கு வானொலியைச் சற்று உரக்க வைத்தார். ஆனால் சமையலறையில் அமரவில்லை; துண்டைக் கடித்த எலி வீட்டைச் சுற்றித்தான் இருக்க வேண்டும். முன்வாசல் வழியாகத் தெருவில் இறங்கி, இரண்டு வீடு தாண்டி பின்பக்கச் சந்தான முடுக்குக்குள் திரும்பி, தம் வீட்டின் பின்சுவருக்கு வந்தார். சமையலறைச் சன்னலுக்குக் கீழே, முடுக்குப் பக்கம், யாரும் பயன்படுத்தாத பழைய துவைகல் ஒன்று கிடந்தது. அதன்மேல் தனுஷ்கோடி அமர்ந்து, நெற்றியைச் சுருக்கி, வானொலியையே கேட்டுக்கொண்டிருந்தார். சுவரில் குடை மாட்ட ஓர் ஆணி அடித்திருந்தது. ஆணி துருப்பிடித்திருந்தது, அது தனுஷ்கோடி அடித்ததன்று.

"அத்தான்," என்றார் ஆவுடைநாயகி.

தனுஷ்கோடி எழுந்துகொண்டார். அவருக்கு வயது எழுபத்தொன்று; எழுந்த வேகம் அந்த வயதுக்குரியதன்று.

"நீ எங்கம்மா இங்க?"

"எலி பிடிக்க வந்தேன்."

அவர் துண்டைப் பின்னால் மறைத்தார். பிறகு மறைப்பதில் பயனில்லை என்று உணர்ந்து, மடியை அவிழ்த்து, பித்தளை டோக்கனை எடுத்து நீட்டினார். எல்லாருக்கும் முதலில் போட வேண்டிய தாம் பதினேழாவதாகப் போட்டதை ஊர் அறியக் கூடாதென்றுதான் அன்று மறைத்ததாகவும், மறைத்ததற்கு இந்தத் தண்டனை அதிகம் என்றும் சொன்னார்.

"கெட்ட எண்ணம் கெடையாது, ஆவுடை. அஞ்சு மணியானா காலு தானா இங்க வருது. தென்காசி பஸ்ல மூணு தடவ ஏறுனேன். மூணு தடவையும் கடையநல்லூர்ல எறங்கித் திரும்பி வந்தேன்."

"வந்து என்ன செய்யுதிய?"

"நீ பேசுதத கேக்குதேன். ரேடியோக்காரன நீ ஏசுதத. மொதப் பதினாறு நாளு நீ வாயே தொறக்கல; சோறு தண்ணி இல்லாத மாதிரிக் கெடந்தேன். பொறவு அந்த நெலாவ எங்க வைப்பன்னு ஒருநாள் கேட்டியே." அவர் துண்டின் கடிபட்ட மூலையைக் காட்டினார். "எனக்குச் சிரிப்பு வராதுன்னு ஊருக்கே தெரியும். வெளிய கேட்டுரக் கூடாதேன்னு துண்டக் கடிச்சேன்."

"கடிக்கச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல. துண்டு தானா வாய்க்குப் போவுது."

ஆவுடைநாயகி துவைகல்லைப் பார்த்தார். அதன் நடுப்பகுதி ஓர் ஆள் அமரும் அளவுக்கு வழவழப்பாகியிருந்தது. அதில் அமர்ந்தார். தம் சமையலறையை வெளியிலிருந்து கேட்பது அவருக்கு அதுவே முதல்முறை. உள்ளே வானொலியில் ஓர் அலுவலர் தென்னையில் வண்டுத் தாக்குதலைப் பற்றி, மறுத்துச் சொல்ல ஆளில்லாமல், பேசிக்கொண்டே இருந்தார். கேட்கச் சகிக்கவில்லை.

"ஏழு வருசம்," என்றார் ஆவுடைநாயகி. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

"சொல்லியிருந்தா நீ பேசியிருப்பியா?"

அவர் நேர்மையாக எண்ணிப் பார்த்தார். "மாட்டேன்," என்றார்.

 வண்டுக்கு வேப்பம்புண்ணாக்கு இடச் சொல்லி அந்த அலுவலர் ஐந்தாம் முறையாக அறிவுறுத்தியபோது, ஆவுடைநாயகி எழுந்து முந்தானையைத் தட்டிவிட்டார்.

"உக்காருங்க, அத்தான். நின்னுக்கிட்டுக் கேக்க வேண்டாம்," என்று சொல்லிவிட்டு, முடுக்கைச் சுற்றி வீட்டுக்குள் போனார். கால்மணி நேரமாக மறுப்பின்றிப் பேசியவரிடம், அவர் பேசியதில் எந்தெந்த இடம் தவறென்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். முடுக்கில் தனுஷ்கோடி துண்டின் மற்றொரு மூலையையும் கடித்துக்கொண்டு குலுங்கினார்.

பின்னர் முடிவானவை வருமாறு.

குற்றாலலிங்கத்தின் பொழுதுபோக்குகள் திருப்பித் தரத்தக்கவை அல்ல என்று பேரூராட்சி தீர்மானித்தது. கோரிக்கை வைத்தவரே காரணம் சொல்லாமல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவர் தென்காசி ஆலையை மருமகனிடம் ஒப்படைத்துவிட்டு, விடுதி அறையை மாத வாடகைக்கு எடுத்துக்கொண்டார்.

பதினேழாவது ஒரு வீடுதான் என்பதை ஆவுடைநாயகி தேங்காய்க் கடையில் நின்று ஒப்புக்கொண்டார். அது தம் வீடு என்று சொல்லிவிட்டு, ஒரு தேங்காயைத் தட்டிப் பார்க்காமலே வாங்கிக்கொண்டு வந்தார். சிவனணைந்தான் மழை அளக்க இப்போதும் நாள்தோறும் வருகிறார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறார்.

நாகர்கோவில் எதிராளிக்கு மரணச் செய்தி தெரிவிக்கப்பட்டது. அவர் ஓர் அஞ்சலட்டையில் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்து, அதன் கடைசி வரியில் யானையை நகர்த்தினார்.

தபால்தலைகள் தபால்காரர் வீட்டுக்கும், குள்ளமரங்கள் காஜா மைதீன் கடைக்கும், கடிகாரங்கள் எட்டாம் எண்ணுக்குரியவர் வீட்டுக்கும் போயின. தகரப்பெட்டியிலிருந்த சேலைகள் அலமாரியின் மேல்தட்டுக்கு ஏறின. பெட்டி மூடப்பட்டது. எலிப்பொறிகள் மூன்றும் கேட்டவர்களுக்குக் கொடுக்கப்பட்டன.

சங்குமணி இழவு வீடுகளுக்கு டோக்கன் கொண்டுபோவது தடைசெய்யப்பட்டது. திருமண வீடுகளைப் பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லை.

மாதம் இரண்டு துண்டுகள், பச்சைக் கரை போட்டவை, பின்சுவர் ஆணியில் தொங்கவிடப்படுகின்றன. ஆவுடைநாயகி வானொலியிடம் முன்னைவிடச் சற்று உரக்கப் பேசுகிறார் என்று முடுக்குக்காரர்கள் சொல்கிறார்கள். அவர் அதை மறுக்கிறார்.

கணவர் திரும்பி வரும் நேரமாயிருந்த ஆறு மணிக்கு வானொலியை நிறுத்திவிட்டு அவர் முன்வாசல் கதவைத் திறந்து வைக்கிறார். அதைப் பற்றி யாரும் எதையும் முடிவுசெய்யவில்லை. செய்யும்படி அவரும் கேட்கவில்லை.